ஏறி அமர்ந்ததும் நின்றுவிடும் இளங்குதிரை

எர்ணாவூரான் (கேள்வி):
வணக்கம். மூன்றரை வயதான கத்தியவாரிக் கலப்புப் பெண் குதிரை ஒன்றை மணலி புதுநகரில் வளர்த்து வருகிறேன். கையில் பிடித்து நடத்தினால், கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையோரத்தில்கூட மிரளாமல் பின்னால் வரும் அது, சேணம் பூட்டி நான் ஏறி அமர்ந்ததும் நட்ட கல்லாக நின்றுவிடுகிறது. குதிகாலால் இடித்தால் இரண்டடி பின்வாங்குகிறது. சென்ற வாரம் குச்சியால் தட்டியபோது முன்னங்கால்களைத் தூக்கிவிட்டது. முதல் மூன்று வாரங்கள் ஒழுங்காகவே நடந்தது. இது சண்டிக்குதிரை, பலமாக நாலு வைத்தால் வழிக்கு வரும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

மாதவரத்தான்:
ஒப்பாததே நல்லது. மூன்று வாரம் நடந்த குதிரை திடீரென நிற்கிறது என்றால், பிடிவாதம் என்று தீர்மானிப்பதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இந்த வயதில் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும். கடைவாய்ப் பற்களுக்குச் சற்று முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறு பல்லின் மீது கடிவாள இரும்பு இடித்தால், வாரை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு நோகும். வாங்கும்போது சுழி பார்க்கிற நம்மவர்கள், வயதுக்காக முன்பற்களைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாயையும் முதுகையும் காட்டுங்கள்.

சேணத்தை நீங்களே சோதிக்கலாம். நீளக் கயிற்றில் விட்டு, முதுகு நன்றாக வியர்க்கும் வரை சேணத்துடன் ஓடவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, தோள்பட்டைக்குப் பின்னால் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு உலர்ந்த திட்டு தெரிந்தால், சேணம் அங்கே அழுத்துகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். வயிற்றுப் பட்டையை இறுக்கும்போது காதை மடக்கி, தலையைத் திருப்பி உங்களைப் பார்க்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

ராயபுரம் ஜட்கா வீட்டுப் பேரன்:
தம்பி, மேலே சொன்னதை முடித்த பிறகு இதைப் படியுங்கள். குதிகாலால் இடிக்கும் அதே நேரத்தில், பயத்தில் வாரையும் இறுக்கிப் பிடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போ என்று காலும் நில் என்று கையும் சொன்னால் அது பின்னால்தான் போகும், அந்த வழியையும் அடைத்தால் மேலே எழும்பும். அப்படி எழும்பும் வேளையில் வாரை இழுத்தால் மல்லாந்து உங்கள் மீதே விழக்கூடும். வாரைத் தளர்த்தி, உடலை முன்னால் சாய்த்துக் கழுத்தைக் கட்டிக்கொள்ளுங்கள்.

என் தாத்தா புதுக் குதிரையை ஜட்காவில் பூட்டுவதற்கு முன், இரண்டு நீள வார்களைப் பிடித்தபடி அதன் பின்னாலேயே நாள்கணக்கில் நடப்பார். முன்னால் இழுக்க ஆளில்லாமல், குரலை மட்டும் கேட்டு நடக்கக் குதிரை அங்கேதான் கற்றது. நீங்களும் இரண்டு வாரம் அப்படியே நடத்துங்கள். பிறகு எடை குறைந்த ஒருவரை ஏற்றி, நீங்கள் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஏறியவர் காலால் மெல்ல அணைத்து, பழகிய அதே சொல்லைச் சொல்ல வேண்டும். குதிரை ஒரேயொரு அடி எடுத்து வைத்தாலும், அந்த நொடியே காலைத் தளர்த்திக் கழுத்தைத் தட்டிக்கொடுக்க வேண்டும். காலைத் தளர்த்துவதுதான் அதற்குப் பரிசு. அது தாமதமானால் எதற்காகக் கிடைத்தது என்று குதிரைக்குப் புரியாது. அசையவே மறுத்தால் நேராக விரட்டாமல், தலையைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு காலைப் பெயர்க்க வையுங்கள்.

மாதவரத்தான்:
அந்தப் பக்கவாட்டுத் திருப்பலை அளவோடு செய்யுங்கள். ஓயாமல் வட்டமடிக்க வைத்தால் இளங்குதிரையின் கால் மூட்டுகள் தாங்காது. பத்து நிமிடம் போதும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன்.

எர்ணாவூரான்:
இருவருக்கும் நன்றி. நேற்றே பார்த்தேன், இடப்பக்கம் உலர்ந்த திட்டு இருக்கிறது. அந்தச் சேணம் முன்பு வைத்திருந்த பெரிய குதிரைக்கு வாங்கியது, அதையே இதற்கும் போட்டது என் தவறு. வாரை இறுக்கிப் பிடித்ததும் உண்மைதான். திங்கட்கிழமை மருத்துவர் வாயைப் பார்க்கிறார். அதுவரை சேணத்தைத் தொடப்போவதில்லை. நீள வார் பிடித்து நடக்கும்போது, எனக்கும் குதிரைக்கும் எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

ராயபுரம் ஜட்கா வீட்டுப் பேரன்:
பின்னங்கால் உதை எட்டாத தூரத்தில், நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கியே நடங்கள். வார் தரையில் புரண்டு அதன் காலில் சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.