ஸ்லைடுக்குக் குரல் கொடுக்கப் போய் ஒரு "இல்லை"யைத் தொலைத்தேன்

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக 32 ஸ்லைடுகள் வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அதையே நின்று பேசி அலுத்துவிட்டது. சரி, குரலைச் சேர்த்து வீடியோவாக்கிவிடலாம் என்று பவர்பாயிண்டிலேயே பதிவு செய்தேன். மைக் இருந்தால் போதும், வேறு மென்பொருள் வேண்டாம். ஒரே மூச்சில் பேசி முடித்து, எம்பி4 ஆக மாற்றி, கேட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பிவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் வந்து, "நீங்க சொன்ன மாதிரியே பழைய ஃபைல் எல்லாம் அழிச்சிட்டேன் சார்" என்றார். தூக்கிவாரிப்போட்டது. நான் சொன்னது "அழிக்க வேண்டிய அவசியம் இல்லை". வீடியோவைப் போட்டால் "அழிக்க வேண்டிய அவசியம்" என்பதோடு ஸ்லைடு மாறிவிடுகிறது! ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குத் தாவும் டிரான்சிஷன் நேரத்தில் பவர்பாயிண்ட் குரலைப் பதிவதில்லை. நானோ வாக்கியம் முடிவதற்குள் அடுத்ததைத் தட்டிப் பழகியவன். நம் மொழியில் இல்லை, வேண்டாம், கூடாது எல்லாம் கடைசியில்தானே வந்து உட்காருகின்றன. (நல்லவேளை, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யவில்லை.)

ஆனால் சரிசெய்தது சுலபம். ஒவ்வொரு ஸ்லைடின் பேச்சும் அந்த ஸ்லைடோடு தனியாகவே சேமிக்கப்படுவதால், அந்த ஒன்றின் குரலை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பப் பேசினேன். மற்ற 31-ஐத் தொடவே இல்லை. இப்போதெல்லாம் பேசி முடித்து, வாயை மூடி, மனதுக்குள் ஒன்று இரண்டு எண்ணி, அப்புறம்தான் தட்டுகிறேன்.

வீடியோ சேர்ப்பது பற்றி ஒன்று. பவர்பாயிண்ட் 2010 பதிப்பிலிருந்து, லிங்க்காகச் சேர்க்கச் சொல்லாத வரை வீடியோ ஃபைலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அதனால் ஃபைல் ஊதிப்போகும். மீடியாவைச் சுருக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. வீடியோவின் தெளிவு, வெறும் பேச்சுக்கு 720பி போதும். திரையில் பொடி எழுத்து இருந்தால் 1080பி-க்குக் குறையாதீர்கள்.

*

மேலே எழுதியவர் பவர்பாயிண்ட் ஆள், நான் லினக்ஸ் ஆள். பவர்பாயிண்டுக்குப் பதிலாக நான் பயன்படுத்தும் லிப்ரே ஆபிஸ் இம்ப்ரெஸில் வீடியோவைச் செருகலாம், குரல் பதிய வழியில்லை. அதனால் ஸ்லைடுகளை ஓடவிட்டு ஓபிஎஸ் ஸ்டூடியோவில் திரையையும் குரலையும் சேர்த்துப் பிடிக்கிறேன். இலவசம். ஒரு முறை பாதிப் பதிவில் லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. எம்கேவி வடிவில் பதிந்திருந்ததால் அதுவரை பேசியது பிழைத்தது. சாதாரண எம்பி4 என்றால் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. பதிந்து முடித்தபின் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் (வடிவத்தை மட்டும் மாற்றும் வசதி) கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

உளறிவிட்டால் பதிவை நிறுத்த மாட்டேன். ஒரு தட்டு கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி சொல்வேன். வீடியோவை வெட்டி ஒட்டும் ஷாட்கட் மென்பொருளில் திறந்தால் ஒலி அலையில் அந்த இடம் மட்டும் ஈட்டி மாதிரி எழும்பி நிற்கும். அதற்கு முன்னால் உளறியதை வெட்டினால் ஆயிற்று.

*

நான் மூன்றாவது ஆள். எனக்குக் கூகுள் ஸ்லைட்ஸ்தான் பழக்கம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஓர் எம்பி3 பதிந்து, கூகுள் டிரைவில் ஏற்றி, ஸ்லைடில் செருகினேன். எனக்கு அருமையாகக் கேட்டது. பார்த்தவர்களோ, "ஊமைப் படம் மாதிரி இருக்கு" என்றார்கள். ஸ்லைடுகளை மட்டும் பகிர்ந்துவிட்டு ஒலி ஃபைல்களுக்கு அனுமதி தர மறந்திருந்தேன். டிரைவிலிருந்து செருகும் வீடியோவுக்கும் இதே கதைதான். இப்போது எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு ஃபோல்டரையே பகிர்கிறேன்.

ஃபேன் இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷன் நன்றாக வேலை செய்யும். பேசத் தொடங்கும் முன் இரண்டு மூன்று விநாடி சும்மா இருங்கள். அந்த வெற்று இரைச்சலைத் தேர்ந்தெடுத்துக் காட்டினால், எதை நீக்க வேண்டும் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். ரொம்பவும் ஏற்றிவிட்டால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல ஆகிவிடும்.

*

முதலில் எழுதியவன்தான். கைதட்டல் யோசனையை நேற்றே முயன்று பார்த்தேன். வெட்ட வேண்டிய இடம் பளிச்சென்று தெரிகிறது. என்ன, நான்காவது தட்டுக்குப் பக்கத்து அறையிலிருந்து தலையை நீட்டி, "யாருக்குப் பாராட்டு விழா?" என்று கேட்டார்கள். அதுவும் பதிவாகியிருக்கிறது.