பித்தளை இன்டர்அர்பன்: மோட்டார் சுற்றுகிறது, தண்டவாளத்தில் வைத்தால் அசையவில்லை

சிகாகோவாசி:
வணக்கம். போன ஞாயிறு இங்கே ஒரு மாடல் ரயில் சந்தையில், மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டியைக் கிளறியதில் ஒரு நார்த் ஷோர் லைன் மின்சாரப் பெட்டியின் மாடல் சிக்கியது. (நார்த் ஷோர் ஒரு இன்டர்அர்பன், அதாவது ஊர்களை இணைத்த மின்சார ரயில்.) ஹெச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு), ஜப்பானில் செய்த பித்தளை, பெயின்ட் அடிக்காதது. விற்றவர் 90 டாலர் சொன்னார், 70க்குப் படிந்தது. ஓடுமா என்றதற்கு, "வாங்கியதிலிருந்து ஓட்டிப் பார்க்கவில்லை" என்றார். டெஸ்ட் டிராக்கில் கூட்டம், விட்டுவிட்டேன்.

வீட்டில் தண்டவாளத்தில் வைத்தால் துளி அசைவில்லை. ஷார்ட்டும் இல்லை. மோட்டாரில் நேராக இரண்டு வயரை வைத்தால் ஜோராகச் சுற்றுகிறது. சக்கரங்களை ஆல்கஹால் போட்டுத் துடைத்தாயிற்று. என்ன பார்க்கலாம்? அப்புறம் டிசிசி டிகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளைப்படி மோட்டாரை ஓட்டும் சிறு சர்க்யூட்) போடவும் ஆசை.

கம்பிக்காரன்:
கூரையில் டிராலி கம்பம் இருக்கிறதா? மேலே கம்பி கட்டி நிஜமாகவே அதிலிருந்து கரண்ட் எடுத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. அப்படி வயரிங் செய்திருந்தால் வெறும் தண்டவாளத்தில் ஓடாது.

சிகாகோவாசி:
கம்பம் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வயர் எதுவும் உள்ளே போகவில்லை.

பழைய பித்தளை:
அப்படியானால் எனக்குச் சந்தேகம் போகியின் மேல்தான். (நம்மூரில் முழுப் பெட்டியையே போகி என்போம். நான் சொல்வது அடியில் இருக்கும் சக்கரக் கூட்டை.) இந்த வகையில் ஒரு போகி வலது தண்டவாளத்திலிருந்து மட்டும் கரண்ட் எடுக்கும், மற்றது இடதிலிருந்து. எதிர்ப்பக்கச் சக்கரங்களில் இன்சுலேஷன் இருக்கும். யாரோ கழற்றித் துடைத்துவிட்டு ஒரு போகியைத் திருப்பி மாட்டியிருந்தால், இரண்டும் ஒரே தண்டவாளத்தைத்தான் தொடும். சர்க்யூட் முடியாது, ஷார்ட்டும் ஆகாது. உங்கள் கதை அப்படியே.

மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். ஒரு முனையை பாடியில் வைத்து முன் போகியின் சக்கரங்களைத் தொடுங்கள். பிறகு மோட்டாருக்குப் போகும் வயரில் வைத்து பின் போகியைத் தொடுங்கள். இரண்டிலும் ஒரே பக்கம் கத்தினால் கோளாறு அதுதான். மோட்டாரோடு சேராத போகியைக் கழற்றித் திருப்புங்கள்.

சிகாகோவாசி:
இரண்டிலும் வலப்பக்கமே கத்தியது! திருப்பி மாட்டினேன். இப்போது பவர்பேக்கில் (கரண்ட் கொடுக்கும் பெட்டியில்) ஷார்ட் என்று சிவப்பு விளக்கு எரிகிறது, சார்.

பழைய பித்தளை:
திருகில் பழுப்பாக ஒரு ஃபைபர் வாஷர் இருந்திருக்குமே? அது போகியையும் பாடியையும் பிரித்து வைப்பது. மேசையில் தேடுங்கள்.

சிகாகோவாசி:
மேசையில் இல்லை, கார்பெட்டில் கிடந்தது. போட்டதும் ஓடுகிறது! ஆனால் காபி அரைக்கிற மாதிரி சத்தம், இடையிடையே மோட்டார் மட்டும் வழுக்குகிறது.

கம்பிக்காரன்:
மோட்டார் அச்சையும் கியரையும் இணைக்கும் ரப்பர் டியூப் கல்லாகியிருக்கும். அதே உள்விட்டத்தில் சிலிகான் டியூப் வாங்கி வெட்டிப் போடுங்கள். கியர் பெட்டியில் பழைய கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும், அதையும் வழித்துவிடுங்கள்.

பழைய பித்தளை:
டிகோடருக்கு அவசரப்படாதீர்கள். இந்தப் பழைய மோட்டார்களில் பெரும்பாலும் ஒரு பிரஷ் (மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு) ஃபிரேமோடு சேர்ந்தே இருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடரைக் கொடுத்தால் புகைதான். 12 வோல்ட்டில் சக்கரத்தை ஒரு நொடி பிடித்து நிறுத்தி ஆம்பியர் பாருங்கள். சாதாரண ஹெச்ஓ டிகோடர் ஏறக்குறைய 1 ஆம்பியர்தான் தாங்கும்.

யூனியன் பயணி:
பெயின்ட் அடிக்கும் முன் இல்லினாய் மாநிலத்திலேயே யூனியன் என்ற ஊரில் இருக்கும் ரயில்வே அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நார்த் ஷோர் ஓட்டம் 1963 ஜனவரியில் நின்றுவிட்டது, பெட்டிகள் சில அங்கே இருக்கின்றன. "சில்வர்லைனர்" என்ற பெட்டிகளில் இருந்தது எவர்சில்வர் தகடே இல்லை. மடிப்பு இருக்கிற மாதிரி நிழல்கோடு போட்டு பெயின்டிலேயே ஏமாற்றியிருந்தார்கள்! அதை 1:87இல் வரைய மாஸ்கிங் டேப்போடு பொறுமையும் வேண்டும்.

சிகாகோவாசி:
டியூப் மாற்றினேன், வழுக்கல் போய்விட்டது. பிடித்து நிறுத்தினால் 1.4 ஆம்பியர் காட்டுகிறது, ஆகவே இப்போதைக்கு டிசியிலேயே ஓடட்டும். சனிக்கிழமை யூனியன்.