சோக்கைத் திறந்தால் நின்றுவிடும் பழைய புல்வெட்டி

தம்பி: அண்ணா, நான் வாங்கிய பழைய பெட்ரோல் புல்வெட்டியைப் பற்றிக் கேட்க வேண்டும். தோளில் மாட்டிக்கொள்ளும் டூ ஸ்ட்ரோக் வகை. சோக்கை, அதாவது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை அடைக்கும் தடுப்பை, மூடிக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கைத் திறந்த சில விநாடிகளில் அடங்கிவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கைப் புதிதாக மாற்றியும் பலனில்லை.

பெரியண்ணன்: இனி பிளக்கைத் தொட வேண்டாம். சோக் மூடியிருக்கும்போது ஓடுகிறது என்றாலே தீப்பொறி வருகிறது, ஓடுமளவுக்குக் கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் அழுத்தமும்) இருக்கிறது என்று பொருள். சோக்கைத் திறந்ததும் காற்று கூடுகிறது, அதற்கு ஈடான பெட்ரோல் வந்து சேரவில்லை. ஆகவே டேங்கில் தொடங்கி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வரையுள்ள பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

அக்கா: விற்றவர் அதை எவ்வளவு காலம் ஓட்டாமல் வைத்திருந்தார் என்று கேட்டாயா?

தம்பி: பல மாதங்கள் கிடந்ததாம் அக்கா. டேங்கில் மீதியிருந்த பெட்ரோல் நிறம் மாறி, வார்னிஷ் போல நெடி அடித்தது. நான் அதன் மேலேயே புதிதாக ஊற்றினேன்.

பெரியண்ணன்: முழுவதையும் வடித்துவிடு. பழைய பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால், மிஞ்சுவது பிசின் போலக் கார்புரேட்டரின் நுண்துளைகளில் படிந்துகொள்ளும். எத்தனால் கலந்ததாக இருந்தால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். கையேட்டில் 50:1 என்றிருந்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில், 40:1 என்றிருந்தால் 25 மி.லி. கலந்து ஊற்று. பிறகு வளைத்த கம்பியால் டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரை வெளியே இழுத்துப் பார். பெட்ரோலை இழுக்கக் கையால் அழுத்தும் குமிழான பிரைமர் பல்பை அழுத்தும்போது டியூபில் என்ன தெரிகிறது என்றும் சொல்.

தம்பி: ஃபில்டர் கறுத்துப்போயிருக்கிறது. எத்தனை முறை அழுத்தினாலும் டியூபில் காற்றுக்குமிழிகள் ஓயவில்லை. டேங்குக்குள் நுழையும் இடத்தில் டியூபை வளைத்தால் மயிரிழை போல ஒரு வெடிப்பு வாய் திறக்கிறது.

பெரியண்ணன்: அந்த வெடிப்பு வழியாகப் பெட்ரோலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது. டியூப், ஃபில்டர் இரண்டையும் மாற்று.

அக்கா: அதுவரை பாதி சோக்கில் வைத்தே புல்லை வெட்டி முடித்துவிடக் கூடாதா?

பெரியண்ணன்: கூடாது அக்கா. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். முழு வேகத்தில் ஓடும்போது பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு உராய்ந்து பிடித்துக்கொண்டால், பிறகு மொத்த எஞ்சினையே பார்க்க வேண்டியிருக்கும்.

தம்பி: இரண்டையும் மாற்றிவிட்டேன் அண்ணா. சோக்கைத் திறந்தும் ஐடிலில் நிற்காமல் ஓடுகிறது. ஆனால் வேகம் கூட்டும்போது ஒரு கணம் திணறிவிட்டுத்தான் ஏறுகிறது.

பெரியண்ணன்: கார்புரேட்டரின் டயஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு விறைத்திருக்கலாம். கழற்றும்போது ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்துக்கொள், இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் தகடுகளின் வரிசை மாறினால் ஓடாது. டயஃப்ரம் தொட்டால் துவள வேண்டும். காகிதம் போல மொடமொடத்தால் மாற்றிவிடு. பெட்ரோல் வரும் ஜெட் துளைகளில் கம்பியை விடாதே, பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே போதும். பெட்ரோல் அளவைச் சரிசெய்யும், எல் என்றும் எச் என்றும் குறித்த திருகுகளை இப்போதைக்குத் திருப்ப வேண்டாம். பிளேடு பக்கம் கை கொண்டுபோகும் முன் பிளக் கேப்பைக் கழற்றிவிடு.

தம்பி: சரி அண்ணா, எஞ்சின் ஆறியதும் கழற்றி, படங்களை இங்கேயே அனுப்புகிறேன்.