பெர்லின் டி.டி.ஆர். அருங்காட்சியகம்: இன்னும் மனத்தைவிட்டு அகலாத ஒரு கணம் (இணைய மன்றத்தில் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பதிவின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

மூன்றாம் மாடி

ஸ்பிரே ஆற்றங்கரையில், பேராலயத்துக்கு நேர் எதிரே உள்ள, டி.டி.ஆர். எனப்பட்ட முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் அன்றாட வாழ்க்கையைக் காட்டும் அருங்காட்சியகத்தைத்தான் சொல்கிறேன். 2006இல் திறந்ததிலிருந்து உங்களில் பலர் அங்கே போயிருப்பீர்கள் என்பதால், இழுப்பறைகளைத் திறந்து பார்க்கலாம், எல்லாவற்றையும் தொடலாம் என்பதையெல்லாம் மறுபடியும் விளக்கவில்லை. சென்ற மாதம் அலுவலக நண்பர் ஒருவருடன் போனேன். அவர் 1974இல் மாக்டெபுர்க்கில் பிறந்தவர். 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோது பதினைந்து வயது.

அங்கே அமைத்திருக்கும் கிழக்கு ஜெர்மானிய அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை உங்களுக்கு நினைவிருக்கும். நான் சோபாவில் அமர்ந்து தொலைக்காட்சியில் ஒவ்வொரு நிகழ்ச்சியாக மாற்றிக்கொண்டிருந்தேன். நண்பர் அலமாரியருகே நின்று, அதே போன்ற அலமாரி தம் பாட்டி வீட்டில் இருந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். திரையில் மேற்கு ஜெர்மனியின் நிகழ்ச்சி ஒன்று வந்தது. பேச்சை நிறுத்தாமலேயே அவர் இரண்டடி முன்னால் வந்தார். அவருடைய கை பெட்டியை நோக்கி நீண்டு, ஒலியைக் குறைக்கும் குமிழைத் தேடியது. பாட்டியின் அலமாரியைப் பற்றிய வாக்கியம் பாதியில்கூட நிற்கவில்லை. தம் கை செய்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

மேற்குத் தொலைக்காட்சியைப் பார்ப்பது அவருடைய இளமைக் காலத்தில் தண்டனைக்குரிய குற்றமாக இருக்கவில்லை. விரும்பியவர் போட்டுக்கொள்ளலாம், அணைத்துக்கொள்ளலாம் என்று கிழக்கு ஜெர்மனியின் தலைவர் ஹோனெக்கரே 1973இல் கூறிவிட்டார். ஆயினும் நண்பரின் தாயார் பள்ளி ஆசிரியை; மேற்கைப் பார்ப்பது வெளியே தெரிவது அவருக்கு நல்லதல்ல. வெளியே வந்து ஆற்றோரம் நின்றபோது மெதுவாகக் கேட்டேன். மழலையர் பள்ளியில், வீட்டுத் தொலைக்காட்சியில் செய்திக்கு முன்பு வரும் கடிகாரத்தை வரைந்து காட்டச் சொல்வார்கள் என்றார். அதில் புள்ளிகள் இருந்தனவா, கோடுகள் இருந்தனவா என்பதைக் கொண்டு அந்த வீட்டில் எந்த நாட்டுச் செய்தி ஓடுகிறது என்று தெரிந்துவிடுமாம். அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தக் கை இன்னும் என் கண்முன் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதேனும் நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பிஸ்டன்

நான் வாகனத் துறையில் வேலை செய்பவன் என்பதால் நேராகக் கிழக்கு ஜெர்மனியில் செய்த டிராபன்ட் காரிடம்தான் போனேன். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தால் முன்கண்ணாடியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் தெருக்கள் ஓடும் என்பது தெரிந்ததே. ஆனால் என் கவனமெல்லாம் கதவின் மீதே இருந்தது. அதன் வெளிப்பலகை தகரம் அல்ல. பருத்திக் கழிவையும் பினால் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த டூரோபிளாஸ்ட். எஃகுத் தகடு போதாத ஒரு நாட்டின் பொறியாளர்கள் கண்ட வழி அது. 26 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், போனட்டுக்கு அடியிலேயே பெட்ரோல் தொட்டி, எரிபொருள் அளவை அறிய ஓர் அளவுகுச்சி என்று இருந்த வசதிகளைக் கொண்டு, எங்கே கிடைத்த கருவியாலும் பழுதுபார்க்கத்தக்க ஒரு வண்டியைச் செய்திருக்கிறார்கள் என்பதை என் துறையில் உள்ளவர்கள் மதித்தே ஆக வேண்டும்.

அந்தக் கதவை நான் மூன்று முறை சாத்தியும் அது சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற முதியவர் ஒருவர் அடுத்ததாக ஏறினார். கைப்பிடியைப் பிடித்து, கதவை ஓர் அங்குலம் தூக்கி, மெல்ல இழுத்தார். உடனே பூட்டிக்கொண்டது. எப்படி என்று கேட்டேன். டிராபன்ட் வாங்க 1976இல் பெயர் பதிந்து வைத்ததாகவும், 1989 கோடையில்தான் வண்டி கைக்கு வந்ததாகவும் சொன்னார். பதின்மூன்று ஆண்டுகள். 1990 ஜூலை 1ஆம் தேதி மேற்கு ஜெர்மனியின் நாணயமான மார்க் கிழக்கிலும் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஆண்டே அவருடைய தெருவில் டிராபன்ட்டுகளை வாங்க ஆளில்லாமல் போயிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, உடனே கிடைக்கும் என்பதாலேயே பழைய வண்டிக்குப் புதிய வண்டியைவிட அதிக விலை கொடுத்த ஊர் அது.

திரையில் ஓடிய தெருவை அவர் பார்க்கவே இல்லை. ஸ்டீயரிங்கின் மீது இரண்டு கைகளையும் வைத்தபடி, பின்னால் வரிசை நீளும் வரை அப்படியே அமர்ந்திருந்தார்.

நகர எல்லை

முதல் இரண்டு பதிவுகளும் உள்ளத்தைத் தொட்டன. இருந்தாலும் எனக்கு அந்த அருங்காட்சியகத்தோடு உடன்பாடில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு சர்வாதிகாரத்தை இழுப்பறைகளாகவும் கார்களாகவும் பிரித்து விளையாடக் கொடுத்தால், அதைப் பார்த்துவிட்டு வருபவர் காரைத்தான் நினைவில் வைத்துக்கொள்வார். மூன்றாம் மாடி அவர்களே, உங்கள் நண்பரின் கை நீண்டதை நீங்கள் பார்த்தீர்கள். ஆனால் அதே சோபாவில் அன்று அமர்ந்த மற்றவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியை மட்டுமே பார்த்திருப்பார்கள்.

என் அனுபவம் சிறியது. அங்கே கிழக்கு ஜெர்மனியின் இரகசியக் காவல் அமைப்பான ஸ்டாசியின் சிறை அறை ஒன்றையும் அமைத்திருக்கிறார்கள். பள்ளி மாணவன் ஒருவன் அந்தக் கட்டிலில் சுருண்டு படுக்க, நண்பர்கள் சிரித்துக்கொண்டே படமெடுத்தார்கள். வாசலில் நின்ற அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் அவனிடம், "மல்லாந்து படு, கைகள் போர்வைக்கு மேலே இருக்க வேண்டும்," என்றார். உத்தரவிடும் குரல் அல்ல. சாப்பாட்டு நேரத்தைச் சொல்வது போன்ற குரல். பையன் எழுந்து போய்விட்டான். அவரும் போய்விட்டார்.

ஆகவே அங்கே போகத் திட்டமிடுபவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாள் ஹோஹென்ஷோன்ஹவுசனுக்குப் போங்கள். எம்5 டிராமில் ஏறினால் சிறிது தூரம் நடந்தே சேர்ந்துவிடலாம். ஸ்டாசியின் விசாரணைச் சிறை இருந்த அந்த இடத்தை அன்றைய நகர வரைபடங்களில் காட்டியதே இல்லை. கைதிகளைச் சாதாரணச் சரக்கு வண்டி போல் தோன்றும் வாகனங்களில் அடைத்து, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாதபடி மணிக்கணக்கில் நகரைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஒரு கைதி இன்னொருவரைப் பார்த்துவிடாதபடி தாழ்வாரங்களில் சிவப்பு விளக்கு எரியும். அங்கேயே அடைபட்டிருந்தவர்களில் சிலர் இன்றும் வழிகாட்டிகளாக வருகிறார்கள். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போவதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

இரண்டாம் நாள் யு5 ரயிலில் மக்டலேனென்ஷ்டிராஸே நிலையத்தில் இறங்கி ஸ்டாசியின் தலைமையகத்தைப் பாருங்கள். அதன் தலைவராக இருந்த மீல்கேயின் அலுவலக அறை அப்படியே இருக்கிறது. 1989இல் அந்த அமைப்பில் ஏறத்தாழ 91,000 முழுநேரப் பணியாளர்களும், அவர்களைத் தவிர ஏறத்தாழ 1,89,000 இரகசியத் தகவலாளர்களும் இருந்தார்கள். நாட்டின் மக்கள்தொகை 1.7 கோடிக்கும் குறைவு. அன்றாட வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் மூன்றாம் நாள் பிரென்ஸ்லாவர் பெர்க்கில் உள்ள குல்டூர்பிரவுயெரை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அனுமதி இலவசம், அங்கே பொருளுக்குப் பக்கத்திலேயே ஆளுங்கட்சி என்ன சொன்னது, வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்பதையும் வைத்திருக்கிறார்கள். ஒரு முழு நாள் மிச்சமிருந்தால் போலந்து எல்லையோரம் உள்ள ஐசன்ஹூட்டன்ஷ்டாட்டுக்கு ரயிலேறுங்கள். எஃகு ஆலைக்காக 1950இல் புதிதாக எழுப்பத் தொடங்கிய நகரம் அது. 1953 முதல் 1961 வரை அதன் பெயர் ஸ்டாலின்ஷ்டாட். அங்கே ஒரு பழைய குழந்தைகள் காப்பகத்தில்தான் அன்றாடப் பொருட்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பிறகு ஸ்பிரே கரைக்கு வந்து டிராபன்ட்டில் அமருங்கள்.

பிஸ்டன்

நகர எல்லை அவர்களே, காரை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்வோம் என்ற உங்கள் கருத்து எனக்குப் பொருந்தவில்லை. என் நினைவில் இருப்பவர் அந்த முதியவர். அந்தக் கார் அங்கே இல்லாவிட்டால் அவரைச் சந்தித்திருக்கவே மாட்டேன். போர்வையைப் பற்றிச் சொன்ன பெண்மணியை நீங்களும் அந்த அருங்காட்சியகத்தில்தானே சந்தித்தீர்கள்?

டோர்ட்முண்ட் மகள்

நகர எல்லை அண்ணா சொன்ன பட்டியலில் ஓர் இடம் விடுபட்டுவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு அதுதான் முக்கியமான இடம் என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து 1985 தொடக்கத்தில் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். அன்று எங்கள் ஆட்கள் பலர் வந்த வழி அதுதான். கிழக்கு ஜெர்மனி அவர்களைத் தங்கவிடவில்லை. கடந்து போக மட்டும் அனுமதித்தது. ஃப்ரீட்ரிக்ஷ்டிராஸே நிலையத்தில் கிழக்கின் சோதனையைத் தாண்டினால் மேற்கு பெர்லின். பெர்லினைப் பிரிக்கும் கோட்டை ஒரு நாட்டின் எல்லையாக மேற்கு ஏற்றுக்கொள்ளாததால், அந்தப் பக்கம் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில், போகும் நாட்டின் விசா இல்லாத தமிழர்களைக் கடக்கவிடுவதைக் கிழக்கு நிறுத்தியது. அப்பாவுக்குச் சில மாதங்கள் கழித்து வந்த அவருடைய நண்பர்களுக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

போன வருடம் அப்பாவைப் பெர்லினுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டி.டி.ஆர். அருங்காட்சியகத்தின் சமையலறை, குளியலறை எதுவும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவர் எந்தக் கிழக்கு ஜெர்மானியர் வீட்டுக்குள்ளும் காலடி வைத்ததில்லை. அங்கிருந்து நடந்து நிலையத்தருகே உள்ள ட்ரேனென்பலாஸ்ட்டுக்குப் போனோம். 'கண்ணீர் மாளிகை' என்பது மக்கள் வைத்த பெயர். மேற்குக்குப் போகிறவர்களை உறவினர் வழியனுப்பிய மண்டபம். கடவுச்சீட்டைச் சோதித்த சாவடி ஒன்றை அங்கே இன்னும் வைத்திருக்கிறார்கள், அதனூடாக நடந்து போகலாம். இடைவழி ஓர் ஆள் நிற்கும் அகலம்தான். அப்பா உள்ளே போனார். நான் பின்னால் நின்றேன். அவர் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். பிறகு, ஆளில்லாத கண்ணாடியைப் பார்த்து, "டிரான்சிட்" என்றார். விமானத்தில் பக்கத்தில் இருந்த பெடியன் சொல்லிக்கொடுத்த ஒரே சொல் அது என்று பிறகு சொன்னார். முப்பத்தொன்பது வருடங்களாக அந்தச் சொல்லை அவர் வீட்டில் சொல்லி நான் கேட்டதில்லை.

தன் மக்களை வெளியே விடாத அந்த அரசு என் அப்பாவைப் போகவிட்டது அன்பினால் அல்ல என்பது எனக்குத் தெரியும். மேற்குக்கு நெருக்கடி கொடுக்கவும் அந்த வழி உதவியது. ஆனால் அண்ணா, அந்தச் சாவடியில் நின்ற என் அப்பாவிடம் நான் எந்த வரிசையில் எதைப் பார்க்கச் சொல்வது?

லிஷ்டன்பெர்க்

எல்லோரும் அன்றாட வாழ்க்கை என்கிறோம். யாருடைய அன்றாடம் என்பதை யாரும் கேட்கவில்லை. 1989இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 60,000 வியட்நாமிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டில் வசிக்கிறார். 1987இல் துணி ஆலையில் தைக்க வந்தவர். அவரோடு அந்த அருங்காட்சியகத்துக்குப் போனேன்.

படுக்கையறை அலமாரியைத் திறந்ததும் அவர் ஓர் ஆடையை எடுத்து, உட்புறத்தைத் திருப்பி, ஓரத் தையலின் மீது கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். இரட்டைத் தையல், ஓரிடத்தில் நூல் தாண்டியிருந்தது. "இரவுப் பணிமுறை," என்றார். மறுபடி நேராகத் திருப்பி, தோள்பட்டை மடியாமல் தொங்கவிட்டார்.

அப்படி ஒரு வீடு அவருக்கு அங்கே இருக்கவில்லை. ஒப்பந்தப்படி விடுதியில் ஆளுக்குக் குறைந்தது ஐந்து சதுர மீட்டர். விடுதி வாசலில் வருவோர் போவோர் பெயரைப் பதிவார்கள். கருவுற்றால் கலைக்க வேண்டும், இல்லையேல் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிலை 1989 தொடக்கம் வரை நீடித்தது. ஆலை முடிந்த பின் இரவில் உட்கார்ந்து அண்டை வீட்டு ஜெர்மானியர்களுக்கு ஜீன்ஸ் தைத்துக் கொடுத்ததாகச் சொன்னார். அவருடைய நாட்டின் காபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1977இல் காபிக்குத் தட்டுப்பாடு வந்தபோது 51 சதவீதம் காபியும் மீதி சிக்கரி, கம்பு போன்றவையுமாகக் கலந்து விற்று மக்களின் கோபத்தைச் சம்பாதித்த கிழக்கு ஜெர்மனி அரசு, பிறகு வியட்நாமில் காபித் தோட்டம் போடப் பணமும் இயந்திரமும் அனுப்பியது. அந்தச் செடிகள் நன்றாகக் காய்க்கத் தொடங்கியபோது கிழக்கு ஜெர்மனி என்ற நாடே இல்லை.

மூன்றாம் மாடி அவர்களே, உங்கள் நண்பரிடம் அந்தக் கடிகாரத்தைப் பற்றி மேலும் கேட்டீர்களா? அவர் எதைத்தான் வரைந்தார்?

மூன்றாம் மாடி

கேட்டேன். இந்தப் பதிவுகளைப் படித்த பிறகு, நேற்று மதிய உணவின்போது கேட்டேன். தொலைக்காட்சியை நோக்கிக் கை நீட்டியது அவருக்குச் சிறிதும் நினைவில்லை. நான் சொல்லியும் நம்பவில்லை. கடிகாரம் நன்றாக நினைவிருக்கிறது என்றார். பள்ளிக்கு அனுப்பும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மா சமையலறை மேசையில் தாளை விரித்து, கிழக்கின் கடிகாரத்தை வரையப் பழக்கியிருக்கிறார். வட்டத்துக்கு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துக் கோடு இழுத்தார்களாம். அன்று அவருக்கு இன்னும் மணி பார்க்கத் தெரியாது.