பன்றிக்கு மெதுவான தோட்டா போதுமா?

மன்னையான் (டெக்சாஸ், இப்போது பொங்கல் லீவில் ஊரில்):
அங்கே நண்பரின் பண்ணையில் பன்றி சுடப் போவேன். சட்டப்படி தடையில்லை, சைலன்சரும் பதிவு செய்ததுதான். 300 பிளாக்அவுட் ரகத் துப்பாக்கிக்கு ஒலியைவிட மெதுவாகப் போகிற சப்சோனிக் தோட்டா, கம்பெனி அடைத்ததாகவே வேண்டும். 220 கிரெய்ன் எடைக் குண்டு மலிவாகக் கிடைக்கிறது. எடுக்கலாமா?

பழைய சுபேதார், ஒரத்தநாடு:
எடுக்காதீர்கள் தம்பி. சத்தம் குறையும், சரி. அடி? அதே துப்பாக்கியில் 110 கிரெய்ன் வேகத் தோட்டா கிளம்பும்போது 1,800 ஜூல் இருக்கும். சப்சோனிக்கில் 650 வாக்கில்தான். அதை வைத்துக்கொண்டு தனியாகத் திரிகிற ஒற்றைப் பன்றியைச் சாய்க்கவா?

வெட்டாற்றங்கரை:
ஜூல் கணக்கை மட்டும் பார்த்தால் எப்படி ஐயா? சைலன்சர் குழல் வாயில் வெடிக்கிற சத்தத்தைத்தான் அடக்கும். தோட்டா விநாடிக்கு 340 மீட்டரைத் தாண்டினால் சாட்டை சொடுக்கியது போலக் காற்றிலேயே ஒரு சத்தம் வரும், அதை எந்தச் சைலன்சரும் பிடிக்காது. மந்தை மொத்தமும் ஓடிவிடும்.

ஆனால் மன்னை அண்ணே, அந்த 220 வேண்டாம். மலிவாக வருவது பெரும்பாலும் இலக்கு சுடுவதற்கான குண்டு. அந்த வேகத்தில் மூக்கு விரியாது. ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போய்விடும். மெதுவாகப் போனாலும் விரிகிற குண்டுதான் வேண்டும். ஹார்னடியின் 190 கிரெய்ன் சப்-எக்ஸ் அதற்கென்றே செய்தது, விநாடிக்கு 320 மீட்டர்.

மன்னையான்:
அந்த ஊசியை நானே பார்த்துவிட்டேன். போன வருஷம் நண்பர் கொடுத்த 220-ஐ வைத்து 60 மீட்டரில் சுட்டேன். மண்சுவரில் கல் பட்டது போல 'தொப்' என்று கேட்டது. பன்றி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்தே போனது. நம்ம சீமைக்கருவைக்கு அங்கே ஒரு பங்காளி உண்டு. அந்தப் புதரில் டார்ச் அடித்து இரண்டு மணி நேரம் தேடினோம். ஓர் இலையில் மிளகளவு ரத்தம், அவ்வளவுதான். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய சுபேதார்:
இதைத்தான் சொன்னேன். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கி 100-ல் ஏறக்குறைய ஒரு சாண் கீழே அடிக்கும். இருட்டில் தூரத்தைக் கண்ணால் அளந்துவிடுவீர்களா?

வெட்டாற்றங்கரை:
அதனால்தான் 50-க்குள் சுடு என்பது. அப்புறம், குண்டைச் சுழற்றிவிடுகிற குழலின் உள்வரி 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றாவது இருக்கிறதா பாருங்கள். வரி தளர்வாக இருந்தால் கனத்த குண்டு தள்ளாடிப் போய்ச் சைலன்சருக்குள்ளேயே இடிக்கும்.

கொள்ளிடம் படுகை:
நீங்கள் ஜூல் கணக்குப் போடுங்கள். முந்தாநாள் ராத்திரி என் கொல்லையில் நாற்பது வாழைக்கன்றைக் கிழங்கோடு புரட்டிப் போட்டிருக்கிறது. இங்கே நாமாகச் சுட்டால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கேஸ். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறை ஆட்கள் சுடலாம் என்று 2025 ஜனவரியில் சொன்னார்கள். மனு கொடுத்தாயிற்று. அதுவரை தகர டின்னும் நானும்தான்.

மன்னையான்:
நாளைக்கு ராத்திரி நானும் டின் தட்ட வருகிறேன் மாமா. திரும்பிப் போனதும் 190-ஐயே வாங்குகிறேன். 50 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை.

பழைய சுபேதார்:
40.