குரங்கு மண்டையோட்டு மாதிரி: கடிக்கும்போது புருவ மேடு ஏன் இப்படிச் சிவக்கிறது?

ஹட்டன் தேவி:
வணக்கம். கொய்யா மரத்தில் இறங்கி, கன்னப்பை நிறைய அடைத்துக்கொண்டு ஓடுமே, அந்த இலங்கைக் குரங்கு மக்காக்கா சினிகாவின் மண்டையோட்டைத்தான் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன். சி.டி. ஸ்கேனிலிருந்து முடிவுறு மூலக மாதிரி (எலும்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, விசை பட்டால் எங்கே எவ்வளவு வளைகிறது என்று கணினியில் கணக்கிடுவது) செய்தாயிற்று. இடது முதல் கடைவாய்ப் பல்லில் கடி. கன்ன எலும்பு வளைவில் விகாரம், அதாவது தன் நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது அல்லது சுருங்குகிறது என்பது, 0.4 என்று வருகிறது! புருவ மேடும் படத்தில் ஒரே சிவப்பு, அதாவது அங்கும் விகாரம் அதிகம். நீளம் மில்லிமீட்டரில், விசை நியூட்டனில், எலும்பின் விறைப்பைக் காட்டும் யங்கின் மட்டு 17. மாதிரி நகராமலிருக்கப் புருவத்தில் சில கணுக்களை (துண்டுகள் சேரும் புள்ளிகளை) அசையாமல் பிடித்திருக்கிறேன். இரண்டு கிழமையாக இதிலேயே நிற்கிறேன், உதவுங்கள்.

கொட்டகலை குமரன்:
தங்கச்சி, 0.4 என்றால் எலும்பு ரப்பர் மாதிரி 40 சதவீதம் நீள்கிறது. அலகுதான் பிழை. மில்லிமீட்டரும் நியூட்டனும் போட்டால் மட்டு மெகாபாஸ்கலில் வர வேண்டும். 17 கிகாபாஸ்கல் என்பது 17000.

ஹட்டன் தேவி:
நன்றி அண்ணா, மாற்றினேன். இப்போது 0.0004, அதாவது 400 மைக்ரோ விகாரம். ஆனால் புருவத்தின் சிவப்பு அப்படியே இருக்கிறது.

நானுஓயா ராணி:
இருக்கத்தான் செய்யும். மட்டு மாறினால் எண்தான் மாறும், எந்த இடம் அதிகம் வளைகிறது என்பது மாறாது. சிக்கல் நீங்கள் பிடித்த இடத்தில். கடிக்கும்போது மண்டையோடு இரண்டு தாடை மூட்டிலும் பல்லிலும்தான் தாங்குகிறது, புருவத்தில் யாரும் பிடிப்பதில்லை. புருவக் கணுக்களை விடுவித்துவிட்டு, கடிக்கும் பக்க மூட்டை மூன்று திசையிலும், மற்ற மூட்டைப் பக்கவாட்டில் மட்டும் விட்டு மற்ற இரண்டு திசையிலும், பல்லை மேல்கீழாக மட்டும் பிடியுங்கள்.

அப்புறம், மசெட்டர் என்ற மெல்லும் தசையின் விசையை ஒரே கணுவில் போட்டீர்களா? அது ஒட்டியிருக்கும் பரப்பு முழுவதும் பரப்பிவிடுங்கள். கன்னத்தில் விரல் வைத்துக் கடலை மென்று பாருங்கள், எவ்வளவு அகலமாகப் புடைக்கிறது! வலப்பக்கத் தசைகளையும் மறக்க வேண்டாம், ஒரு பக்கம் கடித்தாலும் இரண்டு பக்கமும் இழுக்கும்.

ஒப்பிட 1991இல் ஹைலாண்டர், பிக், ஜான்சன் மூவரும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். உயிருள்ள குரங்குகளின் எலும்பில் விகாரமானி ஒட்டி அளந்தார்கள். புருவ மேட்டில் மிகக் குறைவு, கன்ன வளைவின் முன்பகுதியில் மிக அதிகம்.

ஹட்டன் தேவி:
அக்கா, புருவம் நீலமாகிவிட்டது! கன்ன வளைவின் முன்முனை மட்டும் சிவப்பு. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

நானுஓயா ராணி:
சந்தோஷம் தங்கச்சி. மெஷ்ஷை, அதாவது அந்தத் துண்டுகளின் வலையை, இன்னும் நுணுக்கி ஒரு தடவை ஓட்டுங்கள். எண் பெரிதாக மாறாவிட்டால் மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.

ஹட்டன் தேவி:
சரி அக்கா, இரவில் கரண்ட் போய்விடலாம், அதனால் இன்றிரவே ஓட விடுகிறேன் என்று சொல்ல முடியாது, நாளை காலையில் ஆய்வுகூடத்திலேயே போடுகிறேன்.