வேகமான ரிசீவரை மறித்த அனுபவங்கள்: அமெரிக்கன் ஃபுட்பால் ஆடியவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

டல்லாஸ், டெக்சஸ்

இங்கே உயர்நிலைப் பள்ளி அணியில் நான் கார்னர்பேக்காக, அதாவது எதிரணி ரிசீவரை ஓரத்தில் மறிக்கிற ஆளாக ஆடினேன். எதிரணி ஒன்றில் ஒரு ரிசீவர், அதாவது எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பவன், இருந்தான். வசந்த காலத்தில் பள்ளிக்காக 100 மீட்டர் ஓடுவான், ஆகஸ்ட் வந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வான். நேராக ஓடினால் எங்கள் அணியில் அவனைப் பிடிக்க ஆளே கிடையாது. கோச் அந்த வாரம் முழுக்க எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "அவனோட ரேஸ் வைக்காதே. அவன் ஓடுற இடத்தைக் குறை."

முதல் வேலை, எங்கே நிற்பது என்பது. ஏழு யார்டு (ஒரு யார்டு மூன்றடி) தள்ளி நின்றேன், அவனுக்குக் கொஞ்சம் உள்பக்கமாக. உள்ளே போகிற வழியை நான் அடைத்துவிட்டால் அவனுக்கு மிச்சம் இருப்பது வெளிப்பக்கம். அங்கே சைட்லைன், மைதானத்தின் ஓரக்கோடு, இருக்கிறது. அதைத் தாண்டி அவன் பந்தைப் பிடித்தால் செல்லாது. அதனால் அவன் நேராக ஓட ஆரம்பித்ததும் தோளோடு தோள் உரசியபடி கோட்டுப் பக்கம் நெருக்கிக்கொண்டே போவேன். கோட்டுக்கும் அவனுக்கும் நடுவே இரண்டு யார்டுதான் மிச்சம் என்றால் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் அந்தச் சந்துக்குள்தான் பந்தைப் போட்டாக வேண்டும். பள்ளி அளவில் அந்த எறிதல் எல்லோருக்கும் கைவராது.

அப்புறம் கண். தலையையும் தோளையும் பார்த்தால் தொலைந்தோம், அவை பொய் சொல்லும். இடுப்பை மட்டும் பார்க்க வேண்டும், இடுப்பு போகாத திசைக்கு ஆள் போக முடியாது. பின்னோக்கி ஓடும்போது உடம்பு தாழ்வாக, எடை பாதத்தின் முன்பகுதியில் இருக்கும். எனக்கும் அவனுக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று யார்டாகச் சுருங்கும் வரை இடுப்பைத் திருப்பக் கூடாது. சீக்கிரம் திரும்பினால் அவன் நின்று எதிர்ப்பக்கம் வெட்டிவிடுவான். தாமதித்தால் ஒரே எட்டில் கடந்துவிடுவான். வேகக்காரர்கள் குட்டையான ரூட் (முன்பே திட்டமிட்ட ஓட்டப் பாதை) ஓடும்போது ஒரு அடையாளம் கிடைக்கும்: பிரேக் போடுவதற்கு முன் நெஞ்சு நிமிரும், காலடிகள் சிறுசாகும். நெஞ்சு தாழ்ந்தே இருந்தால் ஆழமாகப் போகிறான் என்று அர்த்தம்.

நான் இன்றும் மறக்காத தருணம் ஆட்டத்தின் மூன்றாவது குவார்ட்டரில் (கால்பகுதியில்) வந்தது. அவன் அரை எட்டு முன்னே போய்விட்டான். அந்த நிலையில் திரும்பிப் பந்தைத் தேடினால் இன்னும் ஒரு எட்டு போய்விடும். அதனால் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓடினேன். கண் விரிந்தது, கைகள் மேலே எழும்பின. அந்த நொடியில் என் கையை அவன் இரண்டு கைகளுக்கும் நடுவே விட்டு இழுத்தேன். பந்து தரையில் விழுந்தது. அவன் எழுந்து என் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுப் போனான்.

நியூஜெர்சி

என் மகள் ஃபிளாக் ஃபுட்பால் ஆடுகிறாள். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டமும் சேர்ந்திருக்கிறது, அதனால் பெண் பிள்ளைகளிடம் ஆர்வம் எக்கச்சக்கம். இதில் உரசல், தள்ளல் எதுவும் கூடாது. இடுப்பில் தொங்கும் ஃபிளாக்கை உருவ வேண்டும், அவ்வளவுதான். போன சீசனில் வேகமான ஒரு பெண்ணை மறிக்க அவள் பத்து யார்டு தள்ளி நின்று, கேட்ச் பிடித்தால் பிடிக்கட்டும் என்று விட்டு, உடனே முன்னால் பாய்ந்து ஃபிளாக்கை உருவிக்கொண்டே இருந்தாள். ஐந்து ஐந்து யார்டாகக் கொடுத்தாள், டச்டவுன் (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) கொடுக்கவில்லை. எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. பெரிய ஆட்டத்தில் ஆரம்பத்திலேயே கைவைத்துத் தடுப்பார்களே, அது எவ்வளவு தூரம் வரை செல்லும்?

டாம்பா, ஃபுளோரிடா

ஒற்றை ஆளாக மறிப்பதைப் பற்றியே பேசுகிறோம். அப்போது கன்சாஸ் சிட்டி அணியில் ஆடிய ரிசீவர் டைரீக் ஹில் வேகத்துக்கு அது போதாது என்பதை எங்கள் ஊர் பார்த்தது. 2020 நவம்பர் 29, எங்கள் ஊர் அணியான பக்கனியர்ஸ் மைதானத்தில் கன்சாஸ் சிட்டி ஆடியது. முதல் குவார்ட்டரில் மட்டும் ஹில் 203 யார்டு எடுத்தார். அதில் ஒன்று 75 யார்டு டச்டவுன். எங்கள் கார்ல்டன் டேவிஸ் மோசமான கார்னர்பேக் இல்லை. பின்னால் உதவியில்லாமல் ஹில்லிடம் மாட்டினார், அவ்வளவுதான். மொத்தம் 13 கேட்ச், 269 யார்டு, 3 டச்டவுன்.

2021 பிப்ரவரியில் அதே மைதானத்தில் சூப்பர் பௌல் என்கிற இறுதிப் போட்டி, அதே இரண்டு அணிகள். எங்கள் தடுப்பாட்டத்தை நடத்திய கோச் டாட் போல்ஸ் இம்முறை இரண்டு சேஃப்டிகளை (கடைசி வரிசைத் தடுப்பாளர்களை) பெரும்பாலும் ஆழத்திலேயே நிறுத்தினார். கார்னர்கள் கீழே, தலைக்கு மேல் சேஃப்டி. ஹில் 7 கேட்ச், 73 யார்டு. கன்சாஸ் சிட்டி ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை, 31-9. ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: எங்கள் முன்வரிசை நான்கு பேர் மட்டுமே அவர்களின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸைத் துரத்தித் துரத்தி அடித்ததால்தான் பின்னால் ஏழு பேரை வைக்க முடிந்தது. அன்று அவரைக் காக்கிற இரண்டு வழக்கமான டேக்கிள்களும் காயத்தால் ஆடவில்லை. எறிய நேரம் இருந்திருந்தால் எந்தக் கவரேஜும் (ரிசீவர்களை மறிக்கிற ஏற்பாடும்) எப்படியும் உடைந்திருக்கும். வேக ரிசீவரை அடக்கியதில் பாதிப் புகழ் முன்வரிசைக்கு என்று நான் எல்லாரிடமும் வாதாடுகிறேன்.

டல்லாஸ், டெக்சஸ்

நியூஜெர்சி அக்கா கேட்டதற்கு: தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஐந்து யார்டு வரை. 1978-இல் வந்த விதி. பிட்ஸ்பர்கின் மெல் பிளண்ட் ரிசீவர்களை வழிநெடுக இடித்துக்கொண்டே போவார், அவர் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். டெக்சஸ் பள்ளிகளில் கல்லூரி விதிகள்தான், அதில் ஐந்து யார்டுக் கணக்கு கிடையாது. ஆனால் பந்து கையை விட்டுப் புறப்பட்ட பிறகு மறித்தால் ஃபவுல்தான்.

வேகக்காரனிடம் இந்தக் கைவைப்பு ஆபத்தான விளையாட்டு. நெஞ்சில் சரியாகப் பட்டால் அவன் தாளம் கெடும். தவறினால் உங்கள் எடை முழுக்க முன்னால் சாய்ந்திருக்கும், அவன் உங்களைத் தாண்டியிருப்பான். அதனால் நாங்கள் நெருங்கி நின்று மறிக்கப் போகிறவன் மாதிரி முகம் காட்டுவோம். பந்து அசைந்ததும் திரும்பி ஓட ஆரம்பித்துவிடுவோம். இதை பெய்ல் என்பார்கள். உங்கள் மகள் ஆட்டத்திலும் இதைச் செய்யலாம், கைபடாத வேலைதானே. முதலில் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடுப்பைத் திருப்பப் பழகச் சொல்லுங்கள். பலருக்கு ஒரு பக்கம்தான் சுலபமாக வரும், நல்ல ரிசீவர் வராத பக்கத்தைத்தான் தேடி ஓடுவான்.